கடற்கரையிலிருந்து ஓட்டும் சிறு கேட்டமரன்கள்: எந்தப் படகு யாருக்குப் பொருந்தும்?

மணலில் வைத்தே பாய் ஏற்றி, இரண்டு பேர் தள்ளி நீரில் இறக்கி, பொழுது சாயும்போது மறுபடியும் அதே மணலில் இழுத்து ஏற்றிவிடக்கூடிய இரட்டையுடல் பாய்ப்படகுகளைக் கடற்கரைக் கேட்டமரன் என்கிறார்கள். மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டும் நம் கட்டுமரத்தின் அமைப்பு வேறு. இதில் கண்ணாடியிழையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன இரண்டு ஒடுங்கிய உடல்களும், அவற்றைப் பிணைக்கும் இரண்டு அலுமினியக் குறுக்குச் சட்டங்களும், நடுவே விறைப்பாகக் கட்டிய ட்ராம்போலின் துணியும், உயரமான ஒரு பாய்மரமும் இருக்கும். பெரும்பாலானவை 13 அடியிலிருந்து 20 அடி நீளத்துக்குள் அடங்கிவிடும். வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எது வேகமானது என்ற கேள்வி. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பதே என் துணிபு. எந்தக் கரையிலிருந்து இறக்கப்போகிறோம், கூட வருபவரையும் சேர்த்து நம் எடை எவ்வளவு, அந்தக் கரையில் மற்றவர்கள் எதை ஓட்டுகிறார்கள் என்ற மூன்றும் தெளிந்துவிட்டால், எஞ்சி நிற்கும் படகுகள் இரண்டோ மூன்றோதான்.

கரை ஏன் முதலில் வருகிறது என்பதற்கு இந்தப் படகுகள் பிறந்த கதையே சான்று. 1947இல் ஹவாயில் உட்டி பிரவுனும் ஆல்ஃபிரட் குமலாயியும் 'மனு காய்' என்ற இரட்டையுடல் படகைக் கட்டி வைக்கிக்கி கடற்கரையிலிருந்து ஓட்டினார்கள். பசிபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணியே அதற்கு முன்மாதிரி. அதைவிட மிகச் சிறியதாக, யாரும் வாங்கி ஓட்டத்தக்கதாக ஒன்றைச் செய்தவர் தென் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துவந்த ஹோபி ஆல்டர். 1968இல் அவருடைய ஹோபி 14 வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஹோபி 16 வந்தது. துறைமுகமோ படகுத்துறையோ தேவைப்படாமல், உடைந்து வரும் அலையைத் தாண்டி வெளியே போகவும், அதே அலையில் ஏறி வந்து மணலில் முட்டி நிற்கவும் ஒரு படகு வேண்டும் என்பதே அவர் தமக்கு வைத்துக்கொண்ட நிபந்தனை. அந்தப் படகின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் அந்த நிபந்தனையிலிருந்தே முளைத்தவை. இன்றுவரை 1,00,000க்கும் மேற்பட்ட ஹோபி 16 படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

பாய்ப்படகு காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏற வேண்டுமானால், பக்கவாட்டில் நழுவிப் போகாதபடி நீருக்குள் ஏதோ ஒன்று அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். எதைக் கொண்டு நிறுத்துவது என்பதில்தான் கடற்கரைக் கேட்டமரன்கள் மூன்று குலங்களாகப் பிரிகின்றன. ஒரு படகின் இயல்பை அறிய அதன் விளம்பரத்தைப் படிப்பதைவிட அடிப்பகுதியைக் குனிந்து பார்ப்பது பயன் தரும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

முதல் வழி ஹோபி 16 எடுத்த வழி. அதன் இரண்டு உடல்களும் சமச்சீரற்றவை. வெளிப்பக்கம் ஏறக்குறையத் தட்டையாகவும் உட்பக்கம் வளைந்தும் இருப்பதால், காற்றுக்கு அப்பால் அழுந்தி ஓடும் உடல் தன் வளைந்த பக்கத்தால் படகைக் காற்றை நோக்கி ஈர்த்துக்கொடுக்கிறது. தனியாகப் பலகை எதுவும் இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் வாழைப்பழம்போல் வளைந்திருக்கும் அடிப்பகுதியும், தரை தட்டினால் தானே மேலே மடங்கிக்கொள்ளும் சுக்கான்களும் சேர்ந்து, முழங்காலளவு நீரிலும் முழு வேகத்தில் கரையேறும் வசதியைத் தருகின்றன. ட்ராம்போலின் உடல்களின்மேல் நேரடியாக உட்காராமல் குட்டையான கால்களின்மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருப்பதால், அலை அடியில் புகுந்து வெளியேறிவிடும். இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை, காற்றை எதிர்த்து ஏறும்போது பலகையுள்ள படகுகளைவிடச் சற்று அதிகமாக நழுவுவதும், திசை மாற்றும்போது அடம்பிடிப்பதும்.

இரண்டாவது வழி ஸ்கெக். உடலின் அடியிலேயே வார்த்துவிட்ட, ஆழமில்லாத, நீண்ட துடுப்பு போன்ற பகுதி அது. மூன்றாவது வழி டேகர்போர்டு. உடலின் நடுவே உள்ள துளைவழியாகச் செங்குத்தாக நீருக்குள் இறக்கி ஏற்றும் பலகை அது. இந்த இரண்டின் வேறுபாட்டையும் விளக்க ஆங்கிலேய வடிவமைப்பாளர் ராட்னி மார்ச் ஒருவரின் பணியே போதும். 1967இல் அவர் வரைந்த டொர்னாடோ 20 அடி நீளமும் 10 அடி அகலமும் நீருக்குள் இறங்கும் பலகைகளும் கொண்டது. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடிய வகை அதுதான். 1970களின் நடுப்பகுதியில் அதே மனிதர் டார்ட் 18ஐ வரைந்தபோது, பலகையை எடுத்துவிட்டு ஸ்கெக் வைத்தார். முதன்மைப் பாயின் அடியில் வரும் கிடைக்கழியையும் நீக்கினார். குறுக்குச் சட்டங்கள் உடலுக்குள் செருகிப் பூட்டிக்கொள்ளும்படி அமைத்ததால், ஸ்பானர் எதுவும் இல்லாமலே படகைப் பூட்டவும் கழற்றவும் முடிந்தது. வேகத்தின் உச்சத்தைத் தொட்ட ஒருவர், மறுபடியும் உட்கார்ந்து, வார இறுதியில் ஒரு குடும்பம் எதை அலுப்பின்றி ஓட்டும் என்று யோசித்துச் செய்த படகு அது. தலைக்குமேல் கிடைக்கழி இல்லாத பயனைப் பழகுபவர்கள்தாம் நன்றாக அறிவார்கள். எதிர்பாராமல் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசப்படும்போது மண்டையில் மோத அங்கே எதுவும் இருக்காது.

டேகர்போர்டு உள்ள படகுகள் காற்றை எதிர்த்து நன்றாக ஏறும். திசை மாற்றும்போது பலகையை அச்சாகக் கொண்டு திரும்பிவிடும். 1975இல் தொடங்கிய நாக்ரா நிறுவனத்தின் 5.2, 5.8 ஆகியவையும், ஹோபி நிறுவனமே 1976இல் கொண்டுவந்த ஹோபி 18உம் இந்தக் குலத்தவை. ஆனால் மணல்திட்டு உள்ள கடலில் பலகையை இறக்கியபடி ஓடித் தரைதட்டினால் பலகை மட்டும் உடைவதில்லை. பலகை அமர்ந்திருக்கும் கூடும் சேர்ந்து பிளந்து, உடலுக்குள் நீர் கசியத் தொடங்கும். வெளியிலிருந்து எட்ட முடியாத இடம் என்பதால் அந்தப் பழுதைச் சரிசெய்வது எளிதன்று. ஆகவே ஆழம் உடனே கிடைக்கும் ஏரியும் விரிகுடாவும் டேகர்போர்டுப் படகுக்கு ஏற்றவை. நெடுந்தூரம் ஆழமில்லாமல் கிடக்கும் கரையும், அலை உடையும் கரையும் ஹோபி 16க்கும் டார்ட் 18க்கும் உரியவை. இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

ஹோபி 16ஐப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் குறை, அது காற்றின் குறுக்கே திரும்ப மறுக்கிறது என்பது. அது உண்மைதான். ஆனால் அது கையாளும் முறையால் தீரும் குறை. முதலில் காற்றை நோக்கி இயன்றவரை ஏறி, வேகத்தை இழக்காமல் வைத்திருக்க வேண்டும். பிறகு சுக்கான் கைப்பிடியை வெடுக்கென்று தள்ளாமல் மெதுவாகவும் தொடர்ந்தும் தள்ள வேண்டும். வெடுக்கென்று தள்ளினால் சுக்கான் அலகுகள் குறுக்கே நின்று வேகத்தைக் கொன்றுவிடும். அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றுக்கு நேராக வரும் கணத்தில் முதன்மைப் பாயின் கயிற்றை ஓரிரு அடி தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் அந்தப் பெரிய பாய் பின்புறத்தைத் தள்ளிப் படகைத் திரும்பவும் காற்றுமுகமாகவே நிறுத்திவிடும். முன்னால் உள்ள ஜிப் பாயை மட்டும் பழைய பக்கத்திலேயே கட்டி வைத்திருந்தால், காற்று அதன் மறுபுறத்தில் அடித்து அணியத்தைத் தள்ளித் திருப்பிக் கொடுக்கும். திருப்பிய பிறகே அதை விடுவித்துப் புதிய பக்கத்தில் இழுக்க வேண்டும். இதற்குள் ஓட்டுபவர் சுக்கானின் நீண்ட கைத்தடியைப் பாய்க்கயிற்றுக்குப் பின்புறமாகச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோய், முழங்காலால் ட்ராம்போலினைக் கடந்து அமர்ந்திருக்க வேண்டும். அப்படியும் படகு நின்றுபோனால் அது பின்னோக்கி நகரத் தொடங்கும். அப்போது சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பினால் தானே ஒரு பக்கமாகச் சாய்ந்து விலகும். சுக்கான் அலகு முழுவதும் கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சற்றே பின்னோக்கிச் சாய்ந்து நின்றாலும் கைப்பிடி கனத்துப்போய், படகு காற்றை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய படகை ஓட்டிப் பார்த்துவிட்டு, மாதிரியே சரியில்லை என்று முடிவுகட்டுவதற்குமுன் இதைச் சோதிப்பது நியாயம்.

இதைவிட மெய்யான ஆபத்து அணியம் மூழ்குவது. பலத்த காற்றில் காற்றுக்கு அப்பால் உள்ள உடலின் முன்பகுதி நீருக்குள் புதைந்து, வேகம் அங்கேயே தடைபட, பின்பகுதி தலைக்குமேல் எழும்பிக் குட்டிக்கரணம் அடித்துவிடும். ஹோபி 16இன் அணியங்கள் மெலிந்தவை. அவற்றைத் தூக்கிப் பிடிக்கும் மிதப்பு குறைவு. அதனால் அந்தப் படகில் இருவரும் பின்னோக்கி நகர்வது, ஜிப்பைத் தளர்த்துவது ஆகிய இரண்டும் பழக்கமாகிவிட வேண்டும். பின்னர் வந்த வடிவமைப்புகளில் அணியம் உயர்ந்தும் பருத்தும் இருப்பது இந்தப் பாடத்தின் விளைவே.

கேட்டமரன் தன் நிலைப்பை அகலத்திலிருந்து பெறுகிறது. டிங்கி எனப்படும் சாதாரண ஒற்றையுடல் சிறு படகைவிட அது தொடக்கத்தில் மிக உறுதியாக நிற்கும். ஆனால் காற்றுப்பக்கத்து உடல் நீரைவிட்டு எழும்பிய அந்தக் கணத்தில்தான் அதன் நிலைப்பு உச்சத்தில் இருக்கும். அதற்குமேல் எழ எழ எதிர்ப்பு குறைந்துகொண்டே போய், திடீரென்று புரண்டுவிடும். புரண்ட படகை நிமிர்த்துவதற்கு எடை தேவை. அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பிவிட்டு, மேலே எழுந்து நிற்கும் உடலின்மீது கயிற்றை எறிந்து, கீழே உள்ள உடலில் நின்றபடி அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் தொங்க வேண்டும். பாய்க்கு அடியில் காற்று புகுந்ததும் பாய்மரம் எழும். ஹோபி 16ஐ இவ்வாறு எழுப்ப 130 கிலோவை ஒட்டிய எடை வேண்டியிருக்கும். ஒல்லியான ஒருவர் தனியாக அதை நிமிர்த்துவது அரிது. நீர் நிரப்பிய பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக நிமிர்த்துபவர்கள் உண்டு. வாங்குமுன் ஒருமுறையாவது கரைக்கு அருகில் வேண்டுமென்றே புரட்டி, தம் குடும்பத்தாரைக் கொண்டே நிமிர்த்திப் பார்க்க முடியுமா என்று அறிந்துகொள்வது எந்த விளம்பரத் தாளும் தராத தகவலைத் தரும். முடியாவிட்டால் அந்தப் படகு அவர்களுக்குரியதன்று. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

எடை என்ற கேள்வி போட்டியிலும் தொடர்கிறது. ஹோபி 16 வகுப்பில், அதாவது அந்த வகைப் படகுகளுக்கான போட்டிப் பிரிவில், ஓட்டும் இருவரின் எடை குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. குறைந்தால் ஈயமோ வேறு பாரமோ சுமக்க வேண்டும். ஒரு கணவனும் மனைவியும், அல்லது ஒரு தந்தையும் பதின்வயது மகளும் சேர்ந்தால் ஏறக்குறைய இந்த அளவுக்கே வருவார்கள் என்பது இந்த வகுப்பு இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம். ஃபார்முலா 18 எனப்படும் வகுப்பின் படகுகள் 5.52 மீட்டர் நீளமும் 2.60 மீட்டர் அகலமும் கொண்டவை. குறைந்தபட்ச எடை 180 கிலோ. பெரிய பாய்களும், ஸ்பின்னக்கர் எனப்படும் உப்பிய முன்பாயும் கொண்ட அந்தப் படகை அடக்க, பெரும்பாலும் 150 கிலோவை ஒட்டிய இருவர் வேண்டும். ஃபார்முலா 16 இதைவிட இலகுவானது. 5 மீட்டர் நீளம், 2.50 மீட்டர் அகலம், இருவர் ஓட்டும்போது குறைந்தபட்ச எடை 107 கிலோ என்பது அதன் கணக்கு. ஒருவரும் ஓட்டலாம், இருவரும் ஓட்டலாம் என்பதால், துணை கிடைக்காத வாரங்களிலும் படகு மணலில் சும்மா கிடக்காது. தனியாகவே ஓட்ட விரும்பும் தேர்ந்தவர்களுக்கு ஏ-கிளாஸ் உண்டு. ஏறக்குறைய 18 அடி நீளத்துக்கு 75 கிலோதான். கார்பனால் ஆன அந்தப் படகை அலை உடையும் கரையில் ஒரு புதியவர் கையாள்வது பொருளற்ற செலவு.

இந்த எண்களை மணலில் வைத்தும் பார்க்க வேண்டும். 145 கிலோ எடையுள்ள ஹோபி 16ஐ இருவர் அகன்ற காற்றுச்சக்கர வண்டியில் ஏற்றிச் சரிவில் இழுத்துவிடலாம். 180 கிலோ படகை ஓடி முடித்த களைப்போடு மென்மணலில் இழுப்பது வேறு காரியம். சாலையிலும் அப்படியே. 2.41 மீட்டர் அகலமுள்ள ஹோபி 16ஐ அப்படியே வண்டியில் ஏற்றிச் செல்லலாம். 3 மீட்டருக்கு மேற்பட்ட டொர்னாடோவையோ கழற்ற வேண்டும், அல்லது சாய்த்து ஏற்றும் வண்டி வேண்டும். ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரத்துக்குமேல் பூட்டவும் கழற்றவும் பிடிக்கும் படகு, ஓட்டும் நாள்களின் எண்ணிக்கையை மெல்லக் குறைத்துவிடும்.

போட்டிக்கு வாங்குபவர் இரண்டு வகையான போட்டிகளுள் எது தமக்கு உகந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, எல்லோரும் ஒரே மாதிரிப் படகில் ஓடி, முதலில் எல்லையைத் தொட்டவர் வெல்லும் ஒரே வடிவ வகுப்பு. ஹோபி 16, டார்ட் 18 ஆகியவை இதில் சேரும். இவற்றில் பாய், கயிறு, பாய்மரம் எதையும் மனம்போல மாற்ற விதி இடம் தராது. ஹோபி 16 உலகப் போட்டியில் நிறுவனமே ஒரே மாதிரியான படகுகளைக் கொடுத்து, குழுக்களை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் படகு மாற்றி ஓடவைக்கிறது. பணத்தால் வேகம் வாங்க முடியாத ஏற்பாடு அது. மற்றொன்று, நீளம், அகலம், எடை, பாய்ப்பரப்பு ஆகிய வரம்புகளை மட்டும் வகுத்துவிட்டு, அவற்றுக்குள் பல நிறுவனங்கள் போட்டியிட விடும் ஃபார்முலா முறை. இதில் படகுகள் மேம்பட்டுக்கொண்டே இருக்கும். நேற்றைய சிறந்த வடிவம் நாளை பின்தங்கும், அதன் விலையும் சரியும். பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு அந்தச் சரிவு நல்ல வாய்ப்பு. முன்னணியில் நிற்க நினைப்பவருக்கு அது தொடர்ந்த செலவு.

வேறுவேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடும் இடங்களில், ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் ஒதுக்கி, ஓடிய நேரத்தை அந்த எண்ணால் திருத்தி வரிசைப்படுத்துவார்கள். நெதர்லாந்தின் டெக்ஸல் தீவைச் சுற்றி 1978 முதல் நடந்துவரும் பெரும் போட்டியும், அதன் பெயராலேயே வழங்கும் டெக்ஸல் மதிப்பீட்டு முறையும் இதற்கு எடுத்துக்காட்டு. அந்தத் தீவைச் சுற்றிவர ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓட வேண்டும். இத்தகைய போட்டியில் எந்தப் படகிலும் வெல்ல இடமுண்டு என்பது உண்மை. ஆயினும் பக்கத்தில் ஓடுபவரைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு, ஒரே வகைப் படகுகள் பல ஓடும் கரையில்தான் கிடைக்கும். தாம் ஓட்டப்போகும் கரையில் பத்து ஹோபி 16 நின்றால், அதைவிட வேகமான வேறொன்றைத் தனியொருவராக வாங்கிக் கொண்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உதிரிப் பாகம், பழைய பாய், அறிவுரை, துணைக்கு ஆள் என்று எல்லாமே அந்தப் பத்துப் படகுகளைச் சுற்றித்தான் இருக்கும். ஒலிம்பிக்கைக் கண்டு ஆசைப்படுபவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016இல் டொர்னாடோவின் இடத்துக்கு வந்த நாக்ரா 17, டோக்கியோ ஒலிம்பிக்குக்குமுன் படகை நீருக்குமேல் தூக்கிப் பறக்கவைக்கும் சிறகுகள் பொருத்தி மாற்றப்பட்டது. கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் படகுக்கும் அதற்கும் இப்போது பொதுவாக உள்ளது இரண்டு உடல்கள் மட்டுமே.

போட்டி எண்ணமே இல்லாதவர்களுக்கு, பாலிஎத்திலீனைச் சுழல் அச்சில் உருக்கி வார்த்த படகுகள் உண்டு. 13 அடி நீளமுள்ள ஹோபி வேவ், அதைவிடப் பெரிய ஹோபி கெட்டவே ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. கல்லில் உரசினாலும், சிறுவர்கள் மோதினாலும் அவை தாங்கும். போட்டிக்காரர்கள் இவற்றை மதிப்பதில்லை. அது தவறான மனப்பான்மை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அஞ்சாமல் கடலுக்குப் போக ஒரு குடும்பத்துக்கு அதைவிட நல்ல படகு கிடையாது. பிளாஸ்டிக் கனமானது என்பதையும், விரிசல் கண்டால் கண்ணாடியிழையைப்போல் பிசின் பூசி ஒட்டிவிட முடியாது, உருக்கித்தான் ஒட்ட வேண்டும் என்பதையும் மட்டும் அறிந்து வாங்க வேண்டும். 16 அடி நீளமுள்ள கெட்டவே, கண்ணாடியிழையாலான ஹோபி 16ஐவிட ஏறத்தாழ 30 கிலோ கூடுதல் எடை கொண்டது.

பெரும்பாலோர் வாங்குவது பழைய படகைத்தான். கண்ணாடியிழைப் படகின் உடல், இரண்டு மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே நுரையை வைத்துச் செய்தது. ஆண்டுக்கணக்கில் வெயிலும் அதிர்வும் பட்டு அந்த அடுக்கு நுரையிலிருந்து பிரிந்துவிடும். ஹோபி 16இல் இது முதலில் தோன்றும் இடம் முன் குறுக்குச் சட்டத்துக்கு முன்னால் உள்ள மேற்பரப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கிக்கொடுத்தால் அது பிரிந்திருக்கிறது. நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்றும் கெட்ட இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். கைப்பிடி அளவு இடமானால் பிசின் செலுத்திச் சரிசெய்யலாம். முழங்கை நீளத்துக்கு ஓடியிருந்தால் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதி தேய்ந்திருக்கிறதா என்பதையும் புரட்டிப் பார்க்க வேண்டும். நீர் வடியும் துளையில் வாயால் ஊதி, இணைப்புகளின்மேல் சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தினால் உடலே வெடித்துப் பிரியக்கூடும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின்மேல் பஞ்சைச் சுற்றி இழுத்தால் அறுந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பி முழுவதையும் மாற்றிவிடுவதே முறை.

பாய்மரத்தின் நுனியையும் பார்க்க வேண்டும். ஹோபி 16இன் பாய்மரம் 8 மீட்டரைத் தாண்டும். கரையில் நிமிர்த்தும்போதும், நிமிர்த்திய படகை வண்டியில் வைத்துத் தள்ளும்போதும் அலுமினியப் பாய்மரம் மேலே சென்ற மின்கம்பியில் பட்டு உயிரிழப்புகள் நேர்ந்ததால், 1980களில் அமெரிக்கச் சந்தைக்கான பாய்மரங்களின் மேற்பகுதி மின்சாரம் பாயாத கண்ணாடியிழையால் செய்யப்படத் தொடங்கியது. முழு அலுமினியப் பாய்மரத்தோடு வரும் பழைய படகை வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் படகை நிறுத்தி வைக்கும் இடத்திலிருந்து நீர் விளிம்புவரை, தலைக்குமேல் கம்பி எதுவும் குறுக்கிடுகிறதா என்று நடந்து பார்த்துவிட்ட பிறகே விலை பேச வேண்டும்.